புயல் வலுவிழந்தால் மழையும் விட்டுவிடுமா?

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஊத்தங்கரையிலிருந்து சித்தி போன் செய்தார். முந்தைய நாள் இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. "புயல் வலுவிழந்துடுச்சாமே கண்ணு, இனிமே பயமில்லைல்ல?" என்று கேட்டார். "ஆமா சித்தி, அதான் கரையைக் கடந்துடுச்சே" என்றேன்.

மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. கடலே தெரியாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர் அது. நிறுத்தி வைத்திருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. சித்தி வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நான் சொன்ன அந்த "ஆமா" இன்றுவரை உறுத்துகிறது.

செய்தியில் பொய் இல்லை. புயல் உண்மையிலேயே வலுவிழந்துதான் இருந்தது. ஆனால் 'வலுவிழந்தது' என்ற சொல் காற்றைப் பற்றியது. மழையைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. இது எனக்கும் அன்று புரியவில்லை, சித்திக்கும் புரியவில்லை. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் நம் வீடுகளில் நடக்கும் புயல் பேச்சில் இந்தக் குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் அடியிலிருந்தே பார்த்துவிடலாம்.

## இட்லிப் பானையிலிருந்து தொடங்குவோம்

கொதிநீர் கையில் பட்டால் சுடும். இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி பட்டால் அதைவிட மோசமாகச் சுடும். இரண்டும் 100 டிகிரிதான். அப்படியிருக்க ஆவி மட்டும் ஏன் இப்படிச் சுடுகிறது?

ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிவரை சுடவைக்க 100 கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அந்த ஒரு கிராமை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஆவி அவ்வளவு வெப்பத்தையும் தனக்குள் வைத்துக்கொண்டுதான் மேலே போகிறது. குளிர்ந்த கையில் பட்டு மறுபடி நீராகும்போது, வாங்கியதையெல்லாம் நம் தோலில் இறக்கிவிடுகிறது. இப்படி ஆவிக்குள் மறைந்திருக்கும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். புயலை ஓட்டும் எரிபொருள் இதுதான்.

இப்போது பானை இருக்கும் இடத்தில் வங்கக் கடலை வைத்துப் பாருங்கள். நவம்பரில் அதன் தென்பகுதியில் மேல்மட்ட நீர் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். கடலில் புயல் பிறக்க ஏறத்தாழ 26.5 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மேற்பரப்பு மட்டும் சூடாக இருந்தால் போதாது, சில பத்து மீட்டர் ஆழம்வரை அந்தச் சூடு இருக்க வேண்டும். வங்கக் கடலில் அதற்குக் குறைவில்லை.

கடலிலிருந்து ஈரக்காற்று எழுகிறது. உயரே போகப் போகக் குளிர்ந்து மேகமாகிறது. ஆவி நீர்த்துளியாகும் அந்த நேரத்தில் உள்ளுறை வெப்பம் வெளியே வந்து சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று லேசாகி இன்னும் மேலே போகிறது. நம் தலைக்கு மேல் நிற்கும் காற்றுத் தூணின் எடைதான் காற்றழுத்தம். ஓரிடத்தில் காற்று லேசாகி மேலேறி, உச்சியில் நாலாபக்கமும் விலகிப் போய்க்கொண்டே இருந்தால் அங்கே தூணின் எடை குறையும். கீழே, எடை கூடுதலாக இருக்கும் சுற்றுப்புறத்திலிருந்து காற்று அந்த இடத்தை நோக்கி ஓடிவரும். வரும் வழியில் கடலிலிருந்து ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வரும். ஈரம் மேகமாகும், வெப்பம் வரும், அழுத்தம் இன்னும் குறையும், காற்று இன்னும் வேகமாக ஓடிவரும்.

அதாவது, கடலின் சூடு ஆவி வழியாக மேலே போய்க் காற்றின் வேகமாக மாறுகிறது. இந்தச் சங்கிலி அறுபடாமல் ஓடினால் புயல். நடுவில் எங்காவது அறுந்தால் வெறும் மழைமேகம்.

## காற்று ஏன் சுழல்கிறது?

சுற்றிக்கொண்டிருக்கும் குடை ராட்டினத்தில் எதிரும் புதிருமாக இருவர் உட்கார்ந்து பந்து வீசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நேராக எறிந்த பந்து ஒருபக்கமாக ஒதுங்கிப் போவதுபோல் அவர்களுக்குத் தெரியும். பூமியும் அப்படிச் சுற்றும் ராட்டினம்தான். அதன் வடபாதியில் நெடுந்தூரம் ஓடும் காற்று வலப்பக்கம் ஒதுங்கும். நாலாபக்கமிருந்தும் நடுவை நோக்கி வரும் காற்று முழுவதும் இப்படி ஒதுங்கினால், நடுவை எட்டாமல் அதைச் சுற்றிவரத் தொடங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அது சுற்றும். இந்த விளைவு பூமத்திய ரேகையை ஒட்டி மிகவும் சன்னமாக இருப்பதால், அங்கே புயல் பிறப்பது அபூர்வம்.

கை கழுவும் தொட்டியில் தண்ணீர் சுழன்று இறங்குவதற்கும் இதுதான் காரணம் என்று பலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. அவ்வளவு சிறிய தொட்டியில் பூமியின் சுழற்சி ஒரு பொருட்டே இல்லை.

## பகுதி, மண்டலம், புயல்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான். 'புயல் சின்னம்' என்று நாம் பேச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கோ ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பெயர் உண்டு. அதை முடிவு செய்வது மையத்தைச் சுற்றி நீடித்து வீசும் காற்றின் வேகம்.

மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே என்றால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல், அப்போதுதான் பெயர் வைப்பார்கள். 88-லிருந்து தீவிரப் புயல், 118-லிருந்து மிகத் தீவிரப் புயல், அதற்கு மேலும் படிகள் உண்டு. 'பகுதி' வலுக் குறைந்தது, 'மண்டலம்' அதைவிட வலுவானது என்று நினைவில் வைத்தாலே செய்தி பாதி புரிந்துவிடும்.

இந்தப் படிக்கட்டில் மழைக்கென்று ஒரு படியும் கிடையாது. 50 செ.மீ. மழை கொட்டும் ஒன்று தாழ்வுப் பகுதியாகவே இருக்கலாம். மழையே அதிகம் தராத ஒன்று புயல் என்று பெயர் வாங்கலாம்.

2015 டிசம்பர் 1-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்று தொடங்கி மறுநாள் காலைவரை தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. சென்னையை மூழ்கடித்த அந்த மழைக்குப் புயல் பெயர் எதுவும் இல்லை, ஏனென்றால் அது புயலே அல்ல. அடுத்த ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா வந்தது. அது உண்மையான புயல், நகரின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. ஆனால் 2015-இல் வந்த வெள்ளம்போல் அன்று வரவில்லை. "புயல் வருமா?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 2015-இல் கிடைத்திருக்கக்கூடிய பதில் "வராது" என்பதுதான்.

மழைக்குத் தனி அளவுகோல் உண்டு. ஒரு நாளில் ஏறத்தாழ 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. எண்ணாகக் கேட்டால் இது மனதில் ஏறாது. உங்கள் வீட்டு மொட்டை மாடி 1000 சதுர அடி என்று வையுங்கள். 1 செ.மீ. மழையில் அதன் மேல் விழுவது ஏறத்தாழ 930 லிட்டர். 20 செ.மீ. என்றால் 18,600 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றரை. ஒரு மாடிக்கு இவ்வளவு. தெருவில் எத்தனை மாடிகள் என்று எண்ணிப் பாருங்கள்.

சுருக்கமாக, தாழ்வுப் பகுதி, மண்டலம், புயல் என்பதெல்லாம் காற்றின் தரம். கனமழை, அதி கனமழை என்பது மழையின் தரம். செய்தியில் இரண்டும் ஒன்றாக வரும். காதில் தனித்தனியாக வாங்க வேண்டும்.

## உருவாகும் என்றார்களே, ஏன் உருவாகவில்லை?

ஊதுபத்தியை ஏற்றி வையுங்கள். மின்விசிறி ஓடாவிட்டால் புகை நூல்போல் நேரே மேலே போகும். விசிறியைப் போட்டால் பாதியிலேயே கலைந்துவிடும். கடலில் எழும் மேகத் தூணும் அப்படித்தான். கீழே ஒரு திசையிலும் வேகத்திலும், மேலே வேறு திசையிலும் வேகத்திலும் காற்று அடித்தால் தூண் சாய்ந்துவிடும். மேகம் ஒருபக்கம் ஒதுங்க, அடியில் சுழற்சி மட்டும் வெறுமனே நிற்கும். உயரத்துக்கு உயரம் காற்று இப்படி மாறுவதைக் காற்று முறிவு என்பார்கள். பக்கத்து நிலப்பரப்பிலிருந்து வறண்ட காற்று உள்ளே புகுந்தாலும் இதே கதிதான், ஈரச் சங்கிலி அறுந்துவிடும்.

ஃபெஞ்சல் இதற்கு நல்ல பாடம். 2024 நவம்பர் 26-இல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகிவிட்டது. இன்று புயலாகும், நாளை ஆகும் என்று நாட்கள் ஓடின. பலர் பொறுமை இழந்து, "இதெல்லாம் சும்மா" என்று பேசத் தொடங்கினார்கள். 29-ஆம் தேதி பிற்பகல்தான் அது புயலானது. இலங்கைக் கரையை ஒட்டி மெல்ல ஊர்ந்து வந்த அதை, கடலின் சூடு ஒருபக்கம் வளர்த்துக்கொண்டும் காற்று முறிவு மறுபக்கம் கலைத்துக்கொண்டும் இருந்தன. அந்தப் போட்டி எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினமான வேலை. கணிப்பு ஒரு நாள் தள்ளிப்போவதைப் பொய் என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

எதிர்ப்பக்கமும் நடக்கும். 2017 நவம்பர் 29 காலை இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ஆம் தேதி காலையில் குமரிக் கடலில் ஒக்கி புயல். இடையில் ஒரே ஒரு நாள். ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்குத் திரும்பி வர நேரமே இல்லை. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் எத்தனையோ வீடுகள் அந்த ஒரு நாளில் ஆளை இழந்தன. 'தாழ்வு மண்டலம்தானே' என்று யாராவது அலட்சியமாகச் சொல்லும்போது எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

## இரண்டு வேகங்கள்

"புயல் 10 கி.மீ. வேகத்தில் வருதாம், சைக்கிளே அதைவிட வேகமாப் போகும்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டிருக்கிறேன். வாய்க்காலில் போகும் சுழியைப் பார்த்திருப்பீர்கள். அது தனக்குள் ஒரு வேகத்தில் சுற்றும். வாய்க்காலின் ஓட்டம் அதை வேறொரு வேகத்தில் இழுத்துப் போகும். புயலுக்கும் இப்படி இரண்டு வேகம். சுற்றும் வேகம் மரத்தைச் சாய்க்கும், கூரையைப் பிய்க்கும். நகரும் வேகம் வேறு. புயல் தானாக நகர்வதில்லை. சுற்றிலும் உள்ள பெரிய காற்றோட்டங்கள்தான், முக்கியமாகப் பக்கத்தில் இருக்கும் உயர் அழுத்தப் பகுதிகள்தான், அதை இழுத்துப் போகின்றன. இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் வாய்க்கால் வளைவில் மாட்டிய சுழிபோல் நின்றுவிடும்.

நகரும் வேகம் குறைந்தால் நிம்மதி அடையக் கூடாது. அதிகம் பயப்பட வேண்டியது அப்போதுதான். ஒரே மேகக் கூட்டம் ஒரே ஊரின் மேல் மூன்று மணி நேரம் நிற்பதற்கும் முப்பது மணி நேரம் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. ஆந்திரத்தின் பாபட்லா அருகேதான் 5-ஆம் தேதி கடந்தது. அதற்கு முன்பு சென்னைக்கு ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் கடலிலேயே மெதுவாக ஊர்ந்தது. அந்த ஊர்தலில்தான் நகரம் மூழ்கியது. 2020-இல் புரெவி இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து அசையாமல் நின்றது. அப்போது கொள்ளிடம், சிதம்பரம் பக்கம் வெள்ளக்காடானது.

ஆகவே, சுற்றும் வேகத்தைப் பார்த்துக் கூரையைப் பற்றிக் கவலைப்படுங்கள். நகரும் வேகத்தைப் பார்த்துத் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

## நீங்கள் எந்தப் பக்கம்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கருவி எதுவும் வேண்டாம், வாசலில் நின்றாலே போதும்.

காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது என்று பார்த்தோம். நம் கிழக்குக் கரைக்கு நேர் கிழக்கே, கடலில் புயல் இருக்கிறது என்று வையுங்கள். நாம் அதன் மேற்குப் பக்கம் இருக்கிறோம், நமக்கு வடக்கிலிருந்து காற்று அடிக்கும். நம் முன்னோர் சொன்ன வாடை அது. புயல் மேற்கே நகர்ந்து நமக்குத் தெற்கே வந்துவிட்டால் காற்று திரும்பி, கிழக்கிலிருந்து கொண்டலாக அடிக்கும். நமக்கு வடக்கே போனால் மேற்கிலிருந்து அடிக்கும். வாடை கொண்டலாக மாறினால் மையம் தெற்கே போகிறது, மேல்காற்றாக மாறினால் வடக்கே போகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் நம் இடக்கைப் பக்கம், சற்று முன்னால் இருக்கும். பைஸ் பாலட் என்ற டச்சு அறிஞர் 1857-இல் சொன்ன விதி இது.

மையம் நேராக நம் தலைக்கு மேல் வந்தால் காற்று சட்டென்று ஓயும். வலுவான புயலின் நடுவில் இருக்கும் அமைதியான இடத்துக்குக் கண் என்று பெயர். வர்தா அன்று சென்னையில் பலர் காற்று ஓய்ந்துவிட்டது என்று வெளியே வந்தார்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்தது. காற்று திடீரென்று நின்றால் வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

கரையை நோக்கி மேற்கே வரும் புயலின் வடபக்கத்தில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கிறது. கடல்நீரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும், கரையோரம் கடல் மட்டமே உயர்ந்துவிடும். தென்பக்கத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. ஒரே புயல், ஐம்பது கி.மீ. இடைவெளியில் இரண்டு ஊர்கள், இரண்டு வேறு அனுபவங்கள்.

துறைமுகக் கூண்டு எண்களின் கணக்கும் இதுதான். 5-ஐவிட 6 மோசம், 6-ஐவிட 7 மோசம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு வலுவுள்ள புயலுக்கானவை. துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. தீவிரப் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 1, 2 ஆகியவை தொலைவில் கடலில் இருக்கும் புயல் சின்னத்துக்கு ஏற்றப்படுபவை.

## வரைபடத்துக் கோடு

செய்தியில் ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கோட்டை ரயில் தண்டவாளமாக நினைக்க வேண்டாம். ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் கணிப்பிலேயே மையம் சராசரியாக 70, 80 கி.மீ. தள்ளிப்போகும். சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலான தூரத்தைவிட அது கூடுதல். மூன்று நாள் முன்பு என்றால் ஏறத்தாழ இருமடங்கு. கோட்டின் இருபுறமும் விரியும் கூம்பைப் பாருங்கள், மையம் அதற்குள் எங்கும் போகலாம். மழைமேகம் அந்தக் கூம்பைத் தாண்டியும் நூற்றுக்கணக்கான கி.மீ. பரந்திருக்கும்.

பத்து நாளுக்குப் பிறகு சென்னையில் பயங்கரப் புயல் என்று வாட்ஸப்பில் வரும் சிவப்பு வரைபடங்களை தயவுசெய்து அனுப்பாதீர்கள். தாழ்வுப் பகுதியே உருவாகாத நிலையில் கணினிக்குப் பிடித்துத் தொடங்க ஒரு மையம்கூட இல்லை. விதை முளைக்கும் முன்பே எந்தக் கிளையில் காய் தொங்கும் என்று சொல்வதுபோல்தான் அது. தாழ்வு மண்டலமான பிறகு கவனத்தைக் கூட்டுங்கள். புயலாகிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வரும். கடைசியாக வந்த அறிக்கையை மட்டும் படியுங்கள், நேரத்தையும் பாருங்கள். நேற்றைய அறிக்கை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும்.

## கரையைக் கடந்த பிறகு

'கரையைக் கடந்தது' என்றால் மையம் நிலத்துக்குள் வந்துவிட்டது என்று பொருள். கடலிலிருந்து வந்த எரிபொருள் நின்றுவிடுகிறது. மரம், கட்டிடம், மலை என்று உரசி உரசிக் காற்றின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. புயல் மண்டலமாகிறது, மண்டலம் பகுதியாகிறது. வலுவிழந்தது என்கிறார்கள்.

தண்ணீர் என்ன ஆகும்? வேகமாக வந்த டேங்கர் லாரி நின்றுவிட்டதால் தொட்டி காலியாகிவிடாது. சேர்த்துவைத்த ஈரம் அவ்வளவும் மேலேதான் இருக்கிறது, சுழற்சியும் முழுக்க ஓயவில்லை. ஃபெஞ்சல் கரை கடந்த பிறகு புதுச்சேரி அருகே மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் 24 மணி நேர மழை 50 செ.மீ.யை ஒட்டிப் போனது. அப்புறம் அது மெல்ல மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் இறங்கி ஒரு வீட்டை மூட, அதில் ஏழு பேர் இறந்தார்கள். அன்றிரவு அந்தச் சுழற்சி ஊத்தங்கரைப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

அங்கே விழுந்த நீர் தென்பெண்ணையில் இறங்கியது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட வேண்டியதாயிற்று. ஆறு விழுப்புரத்தைத் தாண்டிக் கடலூருக்குத்தான் வர வேண்டும். கடலூரில் காற்று ஓய்ந்து, மழையும் குறைந்து, மக்கள் வீட்டைப் பெருக்கத் தொடங்கிய வேளையில் மேற்கேயிருந்து வெள்ளம் வந்து புகுந்தது. கடல் பக்கமிருந்து வந்துபோன அதே புயலின் தண்ணீர்தான் அது, இரண்டு நாள் கழித்து ஆற்று வழியாக.